பச்சைக் கயிறு கட்டின கத்திரி

நீ அந்த ஓரத்துல உக்காந்துக்க தாயி, எனக்கு ஜன்னல் வேணும். இல்லேன்னா குமட்டிக்கிட்டு வரும். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கிறியா? நசுங்கிரக் கூடாது. திராட்சைதான். பன்னீர் திராட்சை. நேத்து எங்க கையாலேயே வெட்டினது. அடியில தாங்கிப் பிடி, பழத்தைத் தொடாத. தொட்டா மேல இருக்கிற வெள்ளை போயி, விரல் அச்சு அப்படியே விழுந்துரும்னு தோட்டத்துக்காரம்மா சொல்லுச்சு.

நெத்தியா? ஒண்ணுமில்ல. பஸ்ஸுல ஏறும்போது கம்பியில இடிச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸுப் பொண்ணு பிளாஸ்திரி போட்டுவிட்டுச்சு. பஸ்ஸுல இடிச்சதுக்கு ஆஸ்பத்திரியில எப்படிப் போட்டாங்கன்னு பாக்குறியா? விவரமான புள்ளதான் நீ. விடு அதை.

நான் தேரடி ஸ்டாப்புல இறங்கணும். அதை விட்டா கம்பம் வரைக்கும் வண்டி நிக்காதுன்னு கண்டக்டர் ஏறும்போதே சொல்லிட்டாரு. தேரடி பக்கத்துல மகளிர் ஸ்டேஷன் இருக்கு. என் தம்பி பொண்டாட்டி சுகந்தி அங்கதான் இருக்கா. ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாங்களாம். அதுக்குள்ள நான் போயி இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். சொல்லிட்டா விட்டுருவாங்க. கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். இப்ப மணி என்ன? ஒண்ணேகாலா? அப்ப நேரம் இருக்கு.

என் பேரு இந்திராணி. ஊரு ஆண்டிபட்டி. என் தம்பி தனபால் அங்க மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். எரிஞ்சு போன மோட்டாரக் கொண்டு போயிக் குடு, ரெண்டு நாள்ல புதுசா ஓடும். அவ்வளவு கைப்பக்குவம். தங்கமான பையன் தாயி. கோபம் மட்டும் வந்துரும். வந்தா பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். அதைத் தாண்டிட்டா அவனை மாதிரி ஒரு ஆளைப் பாக்க முடியாது.

அந்தப் பத்து நிமிஷத்துல என்ன பண்ணுவான்னுதானே கேக்குற? எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். கையில எது இருக்கோ அது. பெல்ட்டு, செப்புக் கம்பிச் சுருள், தோசைக்கரண்டி. ஒரு தீபாவளிக்கு அவ காது ஜவ்வு கிழிஞ்சு போச்சு. இப்பவும் இடது பக்கம் நின்னு கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. இன்னொரு வாட்டி வயித்துல உதைச்சான், மூணு மாசம் அவளுக்கு. அதைப் பத்திப் பேச வேண்டாம்.

நான் என்ன பண்ணுனேன்னு கேளு. நான் சும்மா நின்னு வேடிக்கை பாக்குறவ இல்ல. அடுப்புல என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடி வருவேன். வந்து பின்பக்கமாப் போயி ரெண்டு கையையும் பிடிச்சுக்குவேன். அவன் கையை இல்ல தாயி, அவன் கையை யாரால பிடிக்க முடியும்? சுகந்தி கையை. மெலிசான கை. சேத்துப் பிடிச்சா என் ஒரு பிடிக்குள்ள அடங்கிரும். அவ கையைத் தூக்கித் தடுத்தா அவனுக்கு இன்னும் ஏறும். திமிறாம நின்னா சீக்கிரம் ஆறிரும். பதினோரு வருஷமாப் பாக்குறேனே, எனக்குத் தெரியாதா? அவளுக்குத்தான் அது புரியாது. "கையை விடுங்க மதினி, கையை விடுங்க மதினி"ன்னு கத்துவா. அவ நல்லதுக்குத்தான் பிடிக்கிறேன்னு ஒருநாளும் நெனைச்சதில்ல. நான் யாரையும் ஒரு அடி அடிச்சதில்ல தாயி. ஆண்டவன் மேல சத்தியமா. பிடிச்சிருக்கேன், அவ்வளவுதான்.

அடிச்சுட்டு அவன் படுற பாடு இருக்கே, அதைப் பாத்தா நீயே இரக்கப்படுவ. சோறு இறங்காது. அல்வா வாங்கிட்டு வருவான். பெரிய சண்டைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை டூர் உண்டு. காது போனப்ப கொடைக்கானல். வயித்துல உதைச்சதுக்கு ராமேஸ்வரம், ரெண்டு நாள். சின்னச் சண்டைக்கு வைகை டேம்தான், பக்கம். எங்க ஹரிணிக்கு ஒன்பது வயசு, தம்பி மக. அவ ஒருநாள் கேக்குறா, "அத்தை, அப்பா ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா அம்மாவை எவ்வளவு அடிக்கணும்?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னப்புள்ள, என்ன தெரியும். சுகந்திதான் சிரிக்கல. அன்னிக்குப் பூரா ஒரு மாதிரியா இருந்தா.

சித்திரையில கையை முறிச்சான். கரண்ட் பில் கட்ட மறந்து போச்சு அவளுக்கு, கடையில லைனைப் பிடுங்கிட்டாங்க. கதவு இடுக்குல அவ கையை வச்சுக் கதவைச் சாத்திட்டான். சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கரும்பு ஒடிச்ச மாதிரி. ஆஸ்பத்திரியில, "மாடிப்படியில விழுந்துட்டேன்"னு சொன்னா. அப்படித்தான் எப்பவும் சொல்லுவா. எங்க வீட்டுல மாடியே கெடையாது. அவ அப்பா வந்து பாத்தாரு. ஆரஞ்சு குடுத்துட்டு, "அனுசரிச்சுப் போம்மா"ன்னுட்டு நாலு மணி வண்டிக்குக் கெளம்பிட்டாரு. போலீஸுக்கும் ஒரு வாட்டி போனா. அவங்களும் ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி அனுப்பிட்டாங்க. குடும்பம்னா அப்படித்தானே.

மாவுக்கட்டுப் பிரிச்சது போன வாரம். "இந்த வாட்டி புதுசா ஒரு எடம்"னான் தம்பி. கம்பம் பக்கத்துல ஒரு திராட்சைத் தோட்டம். உள்ள விடுறாங்க, நம்மளே வெட்டி எடுத்துக்கலாம், எடை போட்டு வாங்கிட்டு வரலாம். கூட்டாளியோட ஆம்னி வண்டியை வாங்கிட்டு வந்தான். புளிசாதம், உருளைக்கிழங்கு எல்லாம் கட்டிக்கிட்டோம். வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தான். ஹரிணிக்குச் சந்தோஷம் தாங்கல. சுகந்தி கூட மல்லிகைப்பூ வச்சிருந்தா. நல்ல நாளாத்தான் ஆரம்பிச்சுச்சு தாயி.

நீ திராட்சைத் தோட்டம் பாத்திருக்கியா? மேல பூராப் பந்தல். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்து, அதுல கொடியைப் படர விட்டிருக்காங்க. கொலை கொலையாத் தொங்குது, தலையில இடிக்குது. எனக்கு நேரா நிக்க முடிஞ்சுச்சு. தம்பி ஆறடி. உள்ள நுழைஞ்சதுலருந்து முதுகை வளைச்சுக்கிட்டேதான் நின்னான். அப்பவே மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு.

தோட்டத்தைப் பாத்துக்கிற அம்மா ஒண்ணு இருந்துச்சு, வெள்ளத்தாயின்னு பேரு. கறுப்பா, கட்டையா, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. பெரியவங்க ஆளுக்கு ஒரு கூடை, ஒரு கத்திரி குடுத்துச்சு. சின்னக் கத்திரிதான், மூக்கு நல்ல கூர். தொலைஞ்சிரக் கூடாதுன்னு கலர் கலராக் கயிறு கட்டிக் கையில மாட்டி விடுது. தம்பிக்குச் சிவப்பு, சுகந்திக்கு மஞ்சள், எனக்குப் பச்சை.

"கொலையை இழுக்காதீங்க. ஒரு கையால காம்பைப் பிடிங்க, ஒரு கையால வெட்டுங்க. இழுத்தீங்கன்னா கம்பி ஆடி மத்த பழமெல்லாம் கொட்டிரும்"னு சொல்லுச்சு.

சுகந்திக்கு இடது கையில பிடி இன்னும் வரல. காம்பைப் பிடிக்க முடியாம, கூடையைக் கீழ வச்சுட்டு, கத்திரியையும் அதுல போட்டுட்டு, வலது கையால ஒரு கொலையை இழுத்துட்டா. அவ்வளவுதான். கம்பி ஆடி நாலஞ்சு கொலை பொத்து பொத்துன்னு தரையில விழுந்துச்சு. தம்பி திட்டல. சிரிச்சான் கூட. எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும்.

அந்த வெள்ளத்தாயி பேசாமப் போயிருக்கலாம். கிட்ட வந்து சுகந்தி கையைத் தூக்கிப் பாத்துச்சு. "என்ன தாயி, கை இப்படிச் சூம்பிக் கெடக்கு? என்ன ஆச்சு?"

மாடிப்படின்னு சொல்லப் போறான்னு நான் நெனைச்சேன். பதினோரு வருஷமா அந்தப் படியிலதான விழுந்துக்கிட்டு இருக்கா.

அவ நிமிந்து தம்பியைப் பாத்துக்கிட்டே சொல்றா, "கதவுல வச்சு இவரு முறிச்சாரு."

எவ்வளவு கொழுப்பு பாரு. வெளியாளு முன்னாடி. பக்கத்து வரிசையில ஒரு குடும்பம் நின்னுக்கிட்டு இருக்கு, செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இப்ப வரைக்கும் எனக்கு அதுதான் புரியல தாயி. என்ன நெனைச்சு அப்படிச் சொன்னா?

தம்பி கையை ஓங்கினான். ஓங்கின கை பந்தல் கம்பியில போயி மோதி மணிக்கட்டு கிழிஞ்சுருச்சு. அவனால அங்க அடிக்க முடியல. நிமிர முடியல, கையை வீச முடியல. அது வேற அவனுக்கு வெறியாயிருச்சு. கையில மாட்டியிருந்த சிவப்புக் கத்திரியைக் கழட்டி வீசினான். அவ பூவோட சேத்து முடியைப் பிடிச்சான். பிடிச்சுக் கல்லுக்கால்ல முட்டினான். ஒண்ணு. ரெண்டு. பழம் மழையாக் கொட்டுது மேலருந்து. அவன் மிதிக்க மிதிக்கத் தரையெல்லாம் செவப்பு. எது ரத்தம், எது சாறுன்னு தெரியல. ஹரிணி காதைப் பொத்திக்கிட்டுக் கூடைக்குப் பின்னாடி உக்காந்துட்டா. அவளுக்கு அது பழக்கம். வெள்ளத்தாயி, "விடுடா டேய், விடுடா"ன்னு கத்துது. மூணாவது முட்டுக்கு அவ மூக்கு உடைஞ்சுருச்சு.

நான் ஓடினேன். எப்பவும் ஓடுற மாதிரிதான் ஓடினேன். பின்பக்கமாப் போயி அவ ரெண்டு கையையும் பிடிச்சேன்.

"கையை விடுங்க மதினி"ன்னா. வாயெல்லாம் ரத்தம், பேச்சுக் கொழகொழன்னு வருது. நான் விடல. இன்னும் இறுக்கினேன். அவன் முடியை விட்டுட்டு ரெண்டு அடி பின்னால போயி, குனிஞ்ச வாக்குலயே மாடு மாதிரிப் பாஞ்சு வந்தான். அவ எப்பவும் அப்படியே நிப்பா. நேத்துப் பாத்து நிக்கல. காலை மடக்கிக்கிட்டு அப்படியே கீழ உக்காந்துட்டா. என் பிடியிலருந்து நழுவிருச்சு கை. வந்த வேகத்துல தம்பி என் மேல வந்து விழுந்தான்.

என் கையில பச்சைக் கயிறு.

ஆமா தாயி. என் கத்திரிதான். கையில மாட்டியிருந்ததை மறந்தே போயிட்டேன். அவ கையைப் பிடிக்கிற அவசரத்துல எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? தொப்புளுக்குப் பக்கத்துல கைப்பிடி வரைக்கும் இறங்கிருச்சு. இளஞ்சூடா என் முழங்கை வரைக்கும் வழியுது. அவன் என்னைப் பாத்தான். "அக்கா"ன்னான். சின்ன வயசுல பசிச்சா கூப்பிடுவான் பாரு, அப்படி. கயிறைக் கழட்டிக் கீழ போட்டுட்டேன். ஏன் போட்டேன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

போலீஸு வந்துச்சு. "யாரு குத்தினது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறேன், காத்துதான் வருது. சுகந்தி எந்திரிச்சா. மூக்குலருந்து ஒழுகுது, அதைத் தொடைக்கக் கூட இல்ல. கீழ கெடந்த கத்திரியை எடுத்துக் கயிறைக் கையில மாட்டிக்கிட்டா. "நான்தான் குத்தினேன்"னா. வெள்ளத்தாயி என்னையே பாக்குது. அதுகிட்டயும் கேட்டாங்க. "நான் கொட்டின பழத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார், கவனிக்கல"ன்னுருச்சு.

தம்பி பிழைச்சுக்கிட்டான், பயப்படாத. ஆபரேஷன் பண்ணிட்டாங்க. ரெண்டு மாசம் எந்திரிக்கக் கூடாதாம்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போயி அவளைப் பாத்தேன். அஞ்சு நிமிஷம்தான் விட்டாங்க. மூக்குல பஞ்சு வச்சிருக்கா. டீ குடிச்சுக்கிட்டு இருக்கா, காலை நீட்டி உக்காந்து. என் வீட்டுல அவ காலை நீட்டி நான் பாத்ததில்ல.

"ஏண்டி இப்படிப் பொய் சொன்ன?"ன்னு கேட்டேன்.

"மதினி, எங்கப்பா வந்தாரு. ஹரிணியைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. முத தடவையா என்னை 'அனுசரிச்சுப் போ'ன்னு சொல்லல. புருசனைக் குத்தினவளை எப்படித் திருப்பி அனுப்புறதுன்னு அவரும் கூட வந்தவங்களும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டாங்க. கேட்டுச்சு எனக்கு. இங்க உள்ளவங்களும் சேந்து வாழுன்னு சொல்லல." டீயைக் கீழ வச்சுட்டு என் கையைப் பாத்தா. "அந்தக் கத்திரி என் கையிலதான் இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும். நீங்க எதையும் சொல்லிராதீங்க. உங்க கால்ல விழுறேன்."

ஜெயிலுக்குப் போகணும்டின்னேன். "பரவாயில்ல, அங்க ரெண்டு பக்கமும் பொம்பளைங்கதான இருப்பாங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. பைத்தியம் பிடிச்சுருச்சு போல.

அவ சொன்னா நான் விட்டுருவேனா? உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல. தெரியாம பட்டதுன்னு எழுதிக் குடுத்தா எனக்கும் ஒண்ணும் ஆகாது, அவளும் வெளிய வந்துருவா. தம்பியும் அதைத்தான் சொல்றான். "எப்படியாவது அவளைக் கூட்டிட்டு வா. வந்ததும் வச்சுக்கிறேன்"னான். வச்சுக்கிறேன்னா, வச்சுப் பாத்துக்கிறேன்னுதான் தாயி. நீ ஏன் அப்படிப் பாக்குற?

குடும்பம் சேரணும்னுதான். வேற என்ன.

சரி. நீ கேட்டுக்கிட்டே பாக்குற. உன்கிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது, ஸ்டாப்பு வந்தா இறங்கிப் போறவ. இந்த நெத்தி, பஸ்ஸுல இடிச்சது இல்ல. காலையில வெந்நி கொண்டு வர அஞ்சு நிமிஷம் லேட்டாயிருச்சு. பிளாஸ்க்கைத் தூக்கி அடிச்சுட்டான். வயித்துல தையல் இருக்கு, படுத்த படுக்கையா இருக்கான், அப்பவும் குறி தப்பல. வெந்நி தோள் பூராக் கொட்டிருச்சு. முந்தானைக்குள்ள இருக்கு, காட்டவா? வேண்டாம், நீ பயந்துருவ.

எனக்கு இது புதுசு இல்ல. எம்புருசன் ரெண்டே வருசத்துல விட்டுட்டுப் போயிட்டான். அம்மா வீட்டுக்கு வந்தேன், தம்பி சின்னப்பய, நான்தான் தூக்கி வளத்தேன். பதினாறு வயசுல முத தடவையா என்னை அடிச்சான். இந்தக் கட்டைவிரல் வளைஞ்சு இருக்கு பாரு, அது அவன் பதினெட்டு வயசுல. கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. ஊர் ஊராப் போயி நான்தான் பொண்ணு பாத்தேன். வாயில்லாத பொண்ணாப் பாத்தேன். பண்ணி வச்சதும் சரியாயிருச்சு தாயி. எனக்குச் சரியாயிருச்சு. பதினோரு வருஷம் என் மேல ஒரு அடி விழல.

இனிமே அந்த வீட்டுல அவனும் நானும் மட்டும்தான். ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நடந்துருவான். எனக்கு அம்பத்துமூணு வயசாச்சு. பயமா இருக்கு தாயி. ஆஸ்பத்திரியில அவன் கை எட்டாத தூரத்துலதான் நிக்கிறேன். என்னால தாங்க முடியாது. அவ வந்துரணும். சுகந்தி சின்ன வயசு, அவளால முடியும். அவ பழகினவ.

அதுக்குத்தான் பழம் கொண்டு போறேன். நேத்து அவ ஒரு பழம் கூட வாயில வைக்கல, பாவம். திராட்சைன்னா அவளுக்கு உசுரு.

இந்தா, தேரடி வந்துருச்சு. "கண்டக்டர், ஆள் இறங்கணும்!" பையைக் குடு தாயி. கொஞ்சம் காலை ஒதுக்கு, நான் வெளிய வரணும்.

என்னம்மா, வழி விடு. வண்டி நிக்கிது பாரு. மணி ஒண்ணே முக்காலு. இதை விட்டா கம்பத்துலதான் இறங்கணும், திரும்பி வர்றதுக்குள்ள அவளைக் கொண்டு போயிருவாங்க. விளையாடாத. பையை நீயே வச்சுக்க, என்னை மட்டும் விடு.

ஏன் என் கையைப் பிடிக்கிற? நான் உனக்கு என்ன பண்ணுனேன்? கண்டக்டர்! இந்தப் புள்ள என்னை இறங்க விட மாட்டேங்குது! ஐயோ, விசில் குடுத்துட்டான். வண்டியை எடுத்துட்டான். அம்மா, தாயி, வலிக்குதும்மா. ரெண்டு கையையும் சேத்துப் பிடிக்காத. இவ்வளவு இறுக்காத. கையை விடு. சொன்னாக் கேளு, கையை விடு தாயி. கையை விடு.